ஹாண்டிலைத் திட்டுமுன் ஸ்கீயைப் புரட்டிப் பாருங்கள்

ஏரி உறைந்து, பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களுக்கான ட்ரெயில்கள் (பாதைகள்) திறந்ததும் எங்கள் கராஜில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: "அண்ணை, ஹாண்டில் சொல்வழி கேக்குதில்லை." போன மாதம் ஒன்ராறியோவின் ஹாலிபர்டன் பக்கமிருந்து ஸ்னோமொபைலை ஏற்றிக்கொண்டு வந்த தம்பியும் இதைத்தான் சொன்னார். முன்னால் போன வண்டிகள் கீறிய தடத்துக்குள் ஸ்கீ, அதாவது முன்னாலிருக்கும் சறுக்குப் பலகை, தானாகப் போய் விழுகிறது, இழுத்து நிமிர்த்தினால் மறுபக்கம் பாய்கிறது. வேறோரிடத்தில் காட்டி, முன் ஸ்பிரிங்கை இறுக்கியும் இருந்தார். அதற்குப் பிறகு கைதான் இன்னும் நோகிறதாம்.

ஸ்கீயைப் புரட்டினேன். அடியில் ஓடும் இரும்புக் கம்பியை ரன்னர் என்போம். அதில் பதித்த கார்பைட் என்ற மிகக் கெட்டியான பொருளின் விளிம்புதான் கெட்டிப் பனியையும் ஐஸையும் கடித்து வண்டியைத் திருப்புகிறது. பிளாஸ்டிக் ஸ்கீயின் முக்கிய வேலை பனிக்கு மேலே மிதப்பது. நல்ல கார்பைட்டில் நகத்தை வைத்து இழுத்தால் சீவும். இவருடையது கரண்டியின் முதுகுபோல வழுவழுவென்றிருந்தது.

அடுத்தது, ஸ்கீகள் பார்க்கும் திசை. ஹாண்டிலை நேராகக் கட்டி, இரண்டு ஸ்கீ மூக்கையும் ஒரு ரப்பர் கயிற்றால் இழுத்து மூட்டுகளின் ஆட்டத்தை எடுத்துவிட்டு அளப்பேன். ஸ்கீயின் ஓரத்தை அளக்கக்கூடாது, ரன்னருக்கும் ரன்னருக்கும் இடையில் அளக்க வேண்டும். பல வண்டிகளில் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 3 முதல் 6 மில்லிமீட்டர் அகன்றிருக்க வேண்டும். சரியான கணக்கு வண்டியின் கையேட்டில் இருக்கும். இவருடையது முன்பக்கம் 9 மில்லிமீட்டர் ஒடுங்கியிருந்தது. போன வருடம் மரக்கட்டையில் மோதி, ஹாண்டில் திரும்புவதை ஸ்கீக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ரொட்டை மாற்றியதாம். போட்டவர் அளக்கவில்லை, லொக் நட்டை இறுக்கி அனுப்பிவிட்டார்.

டை ரொட் ஏன் இவ்வளவு முக்கியம்? 1980களில் பேர்பெற்ற போலாரிஸ் இண்டி போன்ற வண்டிகளில் ஸ்கீயைத் தாங்கும் நீண்ட கை பின்னாலிருந்து வரும். மேட்டில் ஸ்கீ மேலேறும்போது அது ஒரு வில்லில் போகும், டை ரொட் இன்னொரு வில்லில் போகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் ஹாண்டிலை அசைக்காமலே ஒவ்வொரு மேட்டிலும் ஸ்கீ கொஞ்சம் திரும்பும். இன்றைய வண்டிகளில் ஸ்கீயைத் தாங்க மேலும் கீழுமாக இரண்டு ஏ-ஆர்ம், அதாவது A வடிவக் கைகள். அவற்றோடு ஒத்து ஏறி இறங்கும்படி டை ரொட்டின் நீளத்தையும் இடத்தையும் அமைத்திருப்பார்கள். ஆனபடியால் "கீழ் ஆர்ம் கொஞ்சம்தானே வளைஞ்சிருக்கு, ஓடும்" என்று சொல்லாதீர்கள். ஓடும்தான், நீங்கள் நினைக்கிற பக்கம் ஓடாது.

அகலமும் ஒரு கணக்கு. ட்ரெயில் வண்டியில் ஸ்கீக்கு ஸ்கீ 42, 43 அங்குலம் அளவில் இருக்கும், வளைவில் உள்பக்க ஸ்கீ லேசில் எழும்பாது. பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்கென்று செய்தவை 36 அங்குலம் அளவு, ஆழப் பனியில் சரித்து ஓட்டுவதற்கு. மலிவாகக் கிடைத்ததென்று அதை வாங்கி ஒன்ராறியோ ட்ரெயிலில் ஓட்டிவிட்டு, கவிழப் பார்க்கிறது என்று வருகிறவர்களுக்கு நான் என்ன செய்ய?

பலர் பார்க்காத இடம் பின்னால் இருக்கிறது. வண்டியைத் தள்ளும் அகன்ற ரப்பர் பெல்ட்டுக்குள் முன்பக்கம் ஒரு பட்டி, லிமிட்டர் ஸ்ட்ராப். அதை ஒரு துளை குறைத்தால் ஸ்கீ மேல் பாரம் ஏறும், வளைவில் கடிக்கும், கையும் கனக்கும். தளர்த்தினால் முன்பக்கம் லேசாகி, ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். முதலில் ரன்னரை மாற்றுங்கள், பிறகு ஸ்ட்ராப்பைத் தொடுங்கள், அதுவும் ஒவ்வொரு துளையாக.

ஐஸில் பிடிக்கப் பெல்ட்டில் ஆணி அடிக்கச் செலவழித்துவிட்டு ரன்னரில் மிச்சம் பிடிக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். பின்பக்கம் ஐஸைப் பிடித்துத் தள்ளும், முன்பக்கம் திரும்பாது. ஒன்ராறியோ ட்ரெயிலில் சட்டப்படி உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்திலேயே வளைவில் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கும்.

தம்பியின் வண்டிக்கு இரண்டு ரன்னர் மாற்றி, டை ரொட்டைத் திருப்பி அளவுக்குக் கொண்டுவந்து, இறுக்கியிருந்த ஸ்பிரிங்கைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். கழற்றிய ரன்னரை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "இதுக்கோ அண்ணை புது ஷொக் அப்சோர்பர் வாங்கப் பார்த்தனான்?" என்றார்.