வேப்பர் லாக்: ஆவிப்பூட்டா, ஆவியடைப்பா?

பெட்ரோல் வண்டி காலையில் முதல் சாவியிலேயே எடுக்கும். ஓட்டிச் சூடான பிறகு, டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துத்தான் எடுக்கும். பட்டறையில் போய் "சூட்டுல எடுக்க மாட்டேங்குது" என்று சொன்னதும் பாதிப் பேர் சட்டென்று சொல்லும் பதில் "வேப்பர் லாக்".

வேப்பர் என்பது லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கும் ஆவி, நீராவி என்றே பொருள். லாக் என்பது பழைய ஆங்கிலச் சொல். கதவைத் திறக்கவிடாமல் செய்யும் தாழ், அடைத்த இடம் என்பது அதன் மூலப்பொருள். சாவி போட்டுத் திறக்கும் பூட்டு அதில் ஒரு வகைதான். குழாயில் காற்று சிக்கித் தண்ணீர் வராமல் போவதை ஏர் லாக் என்கிறோமே, அதில் இருப்பது இந்தத் 'தாழ்' என்ற பொருள். டீசல் லாரிக்காரர்களுக்கு ஏர் லாக் நன்றாகத் தெரியும்: பிளீடர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து ஏர் எடுப்பார்கள். ஆனால் அங்கே சிக்குவது வெளியிலிருந்து நுழைந்த காற்று. வேப்பர் லாக்கில் வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை, பெட்ரோலே சூட்டில் கொதித்து ஆவியாகிக் குழாயில் குமிழாக நிற்கும். நீர்மத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்பு அந்த ஆவியை அமுக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது.

இந்தச் சொல் பிறந்து வளர்ந்தது கார்புரேட்டர் காலத்தில். அப்போது ஏசி பம்பு (இன்ஜின் சுழற்சியில் ஓடும் பெட்ரோல் பம்பு) இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும், டேங்க் பின்னால் இருக்கும். பம்பு பெட்ரோலை உறிஞ்சி இழுப்பதால் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். பெட்ரோலோ பல சரக்குகளின் கலவை. அதன் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அம்பாசடரில் ஏறியவர்களுக்கு மீதிக் கதை தெரியும். வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். துணி காய்வதற்குள் வண்டி எடுத்துவிடும்.

பட்டறையில் மட்டும் புழங்கும் சொல் இல்லை இது. இந்தியாவின் பெட்ரோல் தர நிர்ணயத்திலேயே 'வேப்பர் லாக் இண்டெக்ஸ்' என்று ஓர் அளவு இருக்கிறது. பெட்ரோலின் ஆவியழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எடுத்து 10-ஆல் பெருக்க வேண்டும். 70 டிகிரிக்குள் ஆவியாகிவிடும் விழுக்காட்டை 7-ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் குறியெண் கிடைக்கும். 2020 வரை நடப்பில் இருந்த பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4) தரத்தில் இது கோடைக்கு 750, மற்ற மாதங்களுக்கு 950 தாண்டக் கூடாது என்று இருந்தது. அதில் ஆவியழுத்தத்துக்கான உச்ச வரம்பு 60 கிலோபாஸ்கல். அந்த 60-ஐ அப்படியே வைத்தால் 600 அதிலேயே போய்விடும். கோடையில் மிச்சம் 150, அதாவது 70 டிகிரிக்குள் சுமார் 21 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகக் கூடாது. வெயில் காலத்தில் நடுரோட்டில் வண்டி நிற்காமல் இருக்க சுத்திகரிப்பு ஆலையிலேயே போடும் கடிவாளம் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் வைத்தால் 'ஆவிப்பூட்டு' வரும். எனக்கு அது ஒட்டவில்லை. தமிழில் பூட்டுவது என்றால் முதலில் இணைப்பது: மாட்டை ஏரில் பூட்டுவது, வண்டியில் பூட்டுவது. அடுத்துச் சாவி போட்டுப் பூட்டுவது. குழாய்க்குள் குமிழ் நின்று வழியை மறிப்பதை நாம் ஒருபோதும் பூட்டு என்று சொன்னதில்லை. அதற்கு நம்மிடம் இருப்பது அடைப்பு. மூக்கடைப்பு, மாரடைப்பு, சாக்கடை அடைப்பு எல்லாமே போகவேண்டியது போகாமல் நிற்பதுதான். பழைய சொல்லும்கூட. திருக்குறளின் 38-ஆம் குறளில் 'வழியடைக்கும் கல்' என்று வருகிறது. இங்கே வழியடைப்பது ஆவி, ஆகவே ஆவியடைப்பு. 'ஆவித்தடை' என்றும் எழுதலாம், தப்பில்லை. ஆனால் தடை என்றதும் அரசாணை, மின்தடை என்று மனம் வேறு பக்கம் போகிறது. ஆவியடைப்பு என்றால் மந்திரவாதி பேயைச் சீசாவில் அடைக்கிற நினைப்பு வருமே என்று கேட்டால், ஆவி பிடிக்கிறோம் என்னும்போது யாருக்கும் அது வருவதில்லையே.

இனி அந்தச் சொல்லை எங்கே போடக்கூடாது என்பதற்கு வருவோம். இன்று ஓடும் பெட்ரோல் குட்டி யானையும், அமெரிக்கர்கள் டிரக் என்று சொல்லும் பிக்கப்பும், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்த வண்டிகள். பம்பு டேங்குக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக்கிடந்து, உறிஞ்சாமல் தள்ளுகிறது. குழாயில் 3 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும்போது பெட்ரோல் அவ்வளவு சுலபத்தில் கொதிக்காது. இந்த வண்டிகளில் சூட்டில் எடுக்காவிட்டால் ஆவியடைப்பு என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் அவசரம். ஆவி வந்திருந்தாலும் அதற்கு முன்னால் அழுத்தம் இறங்கியிருக்கும், நோய் அங்கேதான் இருக்கிறது.

இன்ஜினை நிறுத்தியதும் தண்ணீர் சுற்றுவதும் நின்றுபோகும், இன்ஜினின் சூடு பானெட்டுக்குள் பரவி அடுத்த சில நிமிடங்களுக்கு ஏறும். இதை ஹீட் சோக் என்பார்கள், வெப்ப ஊறல் எனலாம். அந்த நேரத்தில் பெட்ரோலைக் கொதிக்காமல் காப்பது குழாயில் தேங்கிய அழுத்தம் மட்டுமே. பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு பின்னோக்கி ஒழுகினாலும், அழுத்தத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் கசிந்தாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும் அழுத்தம் போய்விடும்.

பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை மாட்டினால் சந்தேகம் தீரும். வண்டியை ஓடவிட்டு நிறுத்திப் பதினைந்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். முள் கொஞ்சம் இறங்கலாம், படுத்துவிடக் கூடாது. படுத்தால், நிறுத்திய உடனே பெட்ரோல் வரும் ரப்பர் குழாயை நெருக்கிப் பிடித்து மறுபடி பாருங்கள். இப்போது நின்றால் செக் வால்வு. திரும்பிப் போகும் குழாயை நெருக்கி நின்றால் ரெகுலேட்டர். இரண்டிலும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர். வேக்குவம் குழாய் உள்ள ரெகுலேட்டரில் அந்தச் சிறு குழாயை உருவி முகர்ந்தாலே தெரியும். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. 1996 முதல் சில ஆண்டுகள் வந்த செவ்ரோலே வோர்டெக் பிக்கப்புகள் பலவற்றில் ரெகுலேட்டர், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும், உருவிப் பார்க்க வழியில்லை. அது கசிந்தால் மேல்மூடியைக் கழற்றும்போது கரி படிந்த மேனிஃபோல்டில் ஓரிடம் மட்டும் கழுவி விட்டாற்போல் பளிச்சென்று இருக்கும். அந்த இன்ஜின்களுக்குச் சுமார் 60 பிஎஸ்ஐ, அதாவது 4 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் எடுக்க அடம்பிடிக்கும்.

கேஜ் இல்லாவிட்டால் சாவியை ஆன் வரை திருப்பி, பம்பு சத்தம் நின்றதும் அணைத்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். எடுத்தால் அழுத்தக் குறைவு. அதற்கும் எடுக்காமல், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அடித்தால் எடுக்கிறது என்றால் இது நேர் எதிர்க் கோளாறு: பெட்ரோல் மிகுதி. பெரும்பாலான வண்டிகளில் முழு மிதியில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். இன்ஜெக்டர் சொட்டியிருக்கலாம், இல்லாவிட்டால் தண்ணீர் வெப்பத்தை அளக்கும் சென்சார் சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். பட்டறையில் இதற்குப் பெயர் ஓவர்ஃப்ளோ. இதையும் வேப்பர் லாக் கணக்கில் எழுதிவிட்டால் பம்பு மாற்றிய பில் வரும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஸ்டார்ட்டர் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லையா? அப்படியானால் பெட்ரோலை விடுங்கள், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், சூட்டில் சாகும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள்.