மக்கும் பை மண்ணில் முழுசாக மக்குமா?

கோலாலம்பூர்க் கடைகளில் சாதாரண நெகிழிப் பைக்குப் பதிலாக மக்கும் பைதான் தரவேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. தரமான மக்கும் பை என்றால் தொட்டாலே தெரியும். மொடமொடவென்று சத்தம் போடாது. மெத்தென்று, லேசான பிசுபிசுப்போடு இருக்கும். அது பெரும்பாலும் மூன்று பொருள்கள் கலந்த கலவை. மூன்றும் மண்ணுக்குள் ஒரே வேகத்தில் மக்குவதில்லை, சிக்கலே அங்குதான்.

முதலாவது மாவுச்சத்து. சோளத்திலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ எடுத்து, கிளிசரின் சேர்த்து உருக்குவார்கள். இரண்டாவது பிபிஏடி என்ற நெகிழி. பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் மக்கக்கூடியது. பை இழுபடுவது இதனால்தான். மூன்றாவது பிஎல்ஏ, அதாவது லாக்டிக் அமிலத்தை நீளமாகக் கோத்த சங்கிலி. விறைப்பானது, தனியாகப் பை செய்தால் சட்டென்று கிழிந்துவிடும்.

மூன்றுமே மூலக்கூறுச் சங்கிலிகள்தான். நுண்ணுயிரின் உடலுக்குள் நுழைய முடியாத அளவுக்கு அவை நீளம். அதனால் பாக்டீரியாவும் பூஞ்சையும் நொதிகளை வெளியே சுரந்து, சங்கிலியை வெட்டி, துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முதலில் காலியாவது மாவுச்சத்து. அது போன இடத்தில் குழி விழும். குழி வழியே ஈரமும் நொதியும் ஆழத்துக்குப் போகும். பூந்தொட்டி மண்ணில் புதைத்த பையைச் சில மாதம் கழித்துத் தோண்டினால் பளபளப்பு போய் வெளுத்திருக்கும். ஆங்காங்கே கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். இழுத்தால் நீளாது, நேர்க்கோட்டில் கிழியும்.

இது நடக்க மாவுத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் கலவையில் ஏறத்தாழ 30 சதவீதமாவது மாவுச்சத்து வேண்டும். குறைந்தால் துகள்கள் நெகிழிக்குள் அடைபட்டுவிடும், நொதி எட்டாது. சாதாரண பாலிதீனில் கொஞ்சம் மாவைக் கலந்து ‘மக்கும்’ என்று விற்பது அப்பட்டமான ஏமாற்று. மாவு போய்விடும், பாலிதீன் பொடிப்பொடியாக மண்ணிலேயே தங்கும்.

பை கண்ணுக்கு மறைந்துவிட்டது என்பதும் மக்கியதற்குச் சான்றாகாது. அதிலிருந்த கார்பன் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2018-இல் அதைத்தான் செய்தார்கள். கார்பன்-13 என்ற அடையாளக் கார்பனை வைத்து பிபிஏடி தயாரித்து மண்ணில் விட்டார்கள். அந்தக் கார்பன் கரியமில வாயுவாக வெளியேறியது. ஒரு பகுதி பூஞ்சைகளின் உடலிலேயே இருந்தது. பிபிஏடியை மண்ணுயிர்கள் உண்மையிலேயே உண்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

மாட்டிக்கொள்வது பிஎல்ஏ. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் சங்கிலிகள் அசையாமல் விறைத்து நிற்கும். தண்ணீர் உள்ளே புகுந்து பிணைப்புகளை அறுத்துச் சிறு துண்டுகளாக்கினால்தான் நுண்ணுயிருக்கு வேலை வரும். அதனால்தான் பெரும் உரக்கூடங்களுக்கான ஐரோப்பியத் தரச் சோதனையை 58 டிகிரியில் நடத்துகிறார்கள். ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். நம் ஊர் மண்ணின் சூடு 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது.

குப்பைத் தொட்டியில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். கோலாலம்பூர்க் குப்பை போய்ச்சேரும் புக்கிட் தாகார் போன்ற கிடங்கின் அடியில் காற்று கிடையாது. மாவுச்சத்து அங்கே மீத்தேனாக மாறும், பிஎல்ஏ அநேகமாக அப்படியே கிடக்கும்.

கலவையை மாற்றினால் கதை மாறும். 80 பங்கு பிஎல்ஏவோடு பிசிஎல் என்ற இன்னொரு மக்கும் நெகிழியை 20 பங்கு கலந்தபோது, தனியாக மக்காத பிஎல்ஏ வீட்டு உரக்குழியின் மிதமான சூட்டிலேயே மக்கியதை டப்ளின் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். எனக்கு இன்னும் அதிக நம்பிக்கை பிஎச்ஏ மீது. பாக்டீரியா தன் உடலுக்குள் சேமித்துவைக்கும் உணவு அது. அவ்வகையில் ஒன்றை பிரெஞ்சு அறிவியலாளர் மோரிஸ் லெமுவான் 1926-இலேயே விவரித்துவிட்டார். அதை வெட்டத் தெரிந்த உயிர்கள் சாதாரண மண்ணிலேயே ஏராளம், உரக்கூடச் சூடு தேவையில்லை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் செம்பனை எண்ணெயை ஊட்டி, பாக்டீரியாவைக் கொண்டு பிஎச்ஏ தயாரிக்கும் ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. செம்பனைக்குப் பஞ்சமில்லாத நாடு இது. விலை மட்டும்தான் இன்னும் சாதாரண நெகிழியின் பக்கத்தில் வரவில்லை.