கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு புதுப் பூனை

"ரெண்டு நாளைக்குக் கடிபடும், பிறகு தன்ட பாட்டில பழகிரும்." தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்து, வீட்டுப் பூனையின் முகத்துக்கு நேரே இறக்கி விடுபவர்கள் சொல்வது இது. சில வீடுகளில் பழகியும் விடுகிறது. பழகாத வீடுகளில் பழைய பூனை சாப்பாட்டுக்குக்கூட வராமல் மதிலோடு போய்விடும்; மெத்தையில் மூத்திரம் அடிக்கும்; அல்லது வாலடியில் சீழ்க்கட்டியோடு மிருக வைத்தியரிடம் வரும். முதல் நாள் பட்ட அடியைப் பூனை இலேசில் மறக்காது. ஆகவே முதல் சந்திப்பைத் தள்ளிப்போடுவதுதான் வேலையில் பாதி.

தெருவில் எடுத்ததென்றால் 14 நாள் தனியே வையுங்கள். இது நோய்க்காக. பன்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோய் குட்டியை ஓரிரு நாளில் கொன்றுவிடக் கூடியது. அந்த வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் ப்ளீச் கலந்து, கழுவிய தரையில் 10 நிமிடம் ஊறவிட்டு அலசினால் அழியும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் தெள்ளு மருந்தும் அப்படித்தான்.

தனி அறை என்று சொல்வது இலேசு. நம் ஊர் ஓட்டு வீடுகள் பலவற்றில் அறைக்குக் கதவுக்குப் பதில் சீலைதான் தொங்கும். கதவு இருந்தாலும் சுவர் கூரை வரை போகாது; பூனை அலுமாரியில் ஏறி, சுவர் விளிம்பால் மறுபக்கம் குதித்துவிடும். அப்படியான வீட்டுக்கு 4 அடி நீளம், 3 அடி உயரத்தில் மரச்சட்டம் அடித்து, அரை அங்குலக் கம்பிவலை பூட்டிய கூடு நல்லது. மூன்று பக்கம் சாக்குப் போட்டு மூடி, ஒரு மூலையில் சாப்பாடு, எதிர் மூலையில் மலசலம் கழிக்க மண் தட்டு, நடுவில் ஒளிந்திருக்க ஒரு காட்போட் பெட்டி. மண் தட்டுக்குக் கடற்கரை மணல் அள்ள வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும், மாரியில் காயவே காயாது. ஆற்று மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து 2 அங்குலம் போடுங்கள். முடிந்தால் கார்த்திகை, மார்கழி மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வளவுக்குள் போய் ஆற வழியில்லாத பழைய பூனைக்குப் பொறுமை பாதியாகிவிடும்.

வைத்தியர் பார்த்து நோயில்லை என்ற பிறகே ஒன்றின் மணத்தை மற்றதற்குப் பழக்கத் தொடங்க வேண்டும். சுத்தமான இரண்டு பருத்திக் காலுறைகளை எடுத்து, ஒவ்வொரு பூனையின் கன்னத்திலும் தாடையிலும் ஒவ்வொன்றைத் தேய்த்து, மற்றதன் சாப்பாட்டிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். முகர்ந்துவிட்டுச் சாப்பிட்டால் சரி. சீறிவிட்டுச் சாப்பாட்டை விட்டுப் போனால் இன்னும் தள்ளி வையுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் ஆறடி தள்ளிச் சாப்பாடு. நாளுக்கு அரை அடி அளவில் கிட்ட நகர்த்தலாம். கதவோடு ஒட்டி நின்று இரண்டும் வயிறாறத் தின்னும் நாளில்தான் கம்பிவலைக்கூடாக முகம் காட்டலாம். கூட்டில் வைத்துப் பழக்குபவர்கள் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் போதும்.

வலை இல்லாத முதல் சந்திப்பு ஐந்து நிமிடம். இரண்டுக்கும் அவித்து முள்ளெடுத்த சூடை மீன் ஒரு தேக்கரண்டி, எதிரெதிர் மூலைகளில். சண்டை வருமுன் பிரித்துவிடுங்கள்.

சீறலைக் கண்டு பயப்படுபவர்கள் சத்தமில்லாத சண்டையைக் கவனிப்பதில்லை. சீறுவது, கிட்ட வராதே என்று சொல்வது, அதில் பிழையில்லை. குசினி வாசலில் ஒன்று உடம்பை நீட்டிப் படுத்திருக்கிறது, கண் இமைக்காமல் பார்க்கிறது, வால் நுனி மட்டும் துடிக்கிறது. மற்றது மண் தட்டுக்குப் போக எழும்பி, இரண்டடி வைத்து, நின்று, வந்த வழியே திரும்புகிறது. வீட்டார் "சமாதானமாயிற்று" என்பார்கள். மறுநாள் மெத்தையில் மூத்திரம். இதற்கு மருந்து அடியல்ல, இன்னொரு வழி. இரண்டு பூனைக்கு மூன்று மண் தட்டு, வெவ்வேறு இடங்களில்; தண்ணீர், சாப்பாடு வேறு வேறாக; உயரத்தில் ஏறி இருக்க இரண்டு தட்டு.

இன்னொரு கண்டம், மீன்காரரின் ஹோர்ன் சத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் படலைக்கு ஓடும். செதிலும் குடலும் விழும் இடம் பழைய பூனைக்குச் சொந்த ஆட்சி. முதல் இரண்டு மாதம் மீன் வெட்டி முடியும் வரை இரண்டையும் தனித்தனியே அடைத்து வைப்பது நல்லது.

குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்படலாம். கருத்தடை செய்த கடுவனும் சில கிழமைகளுக்குச் சினைப்படுத்தக் கூடும், எனவே ஒரு மாதம் பிரித்தே வையுங்கள்.

கடிபட்டால் கையை நடுவில் விடாதீர்கள். அகலமான காட்போட் மட்டையையோ தலையணையையோ இடையில் செருகி, வெறி அடங்கும் வரை ஒன்றை இருட்டறையில் விடுங்கள். சில நேரம் அடங்கப் பல மணி நேரம் எடுக்கும். உங்களைக் கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்காக அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பூனைக்கும் மூன்று மாத வயதில் அந்த ஊசி போட்டிருக்க வேண்டும்.

மனவழுத்தம் கடுவனின் மூத்திரப்பையில் வந்து நிற்கும். அது மண் தட்டில் குந்திக் குந்தி எழும்பி, ஒரு சொட்டும் போகாமல் கத்தினால், சண்டைக் கோபம் என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கக்கூடும். விடியட்டும் என்று வைத்திருக்காமல் அப்போதே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.