கணுக்கால் ஆபரேஷன் பண்ணிட்டு "வலியே இல்ல டாக்டர்"னு சொல்றவங்கள பாத்தாதான் எனக்கு பயம்

கணுக்கால் உடைஞ்சு பிளேட் வெச்சு அனுப்பின ஒருத்தர் மூணாவது வாரம் வாக்கர் இல்லாம நடந்தே உள்ள வந்தாரு, கேட்டா "வலியே இல்ல டாக்டர், அதான் ஊனிட்டேன்"னு சிரிக்கிறாரு. எக்ஸ்ரே எடுத்தா ரெண்டு ஸ்க்ரூ பிடி விட்டு வெளிய வந்துருக்கு, எலும்பும் நகந்துருக்கு. பல வருஷ சுகர், பாதம் மரத்துப்போச்சு, வலிக்குதுன்னு சொல்ல வேண்டிய நரம்பே வேலை செய்யல.

சுகர் இருக்கறது வேற, சுகரால கால் மரத்துப்போறது வேற. மரத்த கால்லதான் தையல் பிரியறது, சீழ் வைக்கிறது, எலும்பு கூடாம இழுத்தடிக்கிறது எல்லாம் ஜாஸ்தி. கண்டுபிடிக்கிறதும் ஈஸி, 10 கிராம் அழுத்தத்துல வளையற ஒரு நைலான் இழை இருக்கு, கண்ண மூட சொல்லி பாதத்துல வெச்சு தெரியுதான்னு கேப்போம், அவ்ளோதான். மத்தவங்கள 6 வாரம் ஊனாதீங்கன்னு சொன்னா இவங்களுக்கு 12 வாரம் வரைக்கும் கூட சொல்லுவோம், கோவப்படாதீங்க.

அடுத்தது தோல். கணுக்கால தொட்டு பாருங்க, சதையே இருக்காது, தோலுக்கு கீழ நேரா எலும்புதான். வீங்கி பளபளன்னு இருக்கும்போது கத்தி வெச்சா அந்த புண்ண மூடவே முடியாது. அதான் மூட்டு விலகியிருந்தா உடனே இழுத்து சரி பண்ணி கட்டு போட்டுட்டு, தோல்ல சுருக்கம் விழற வரைக்கும் சில நாள் கால தூக்கி வெச்சு காத்திருப்போம். "அட்மிட் ஆகி ஒரு வாரம் ஆச்சு, இன்னும் ஆபரேஷன் பண்ணல"னு சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்க (தினமும் நடக்கும்), ஆனா அந்த ஒரு வாரம் வீண் இல்ல.

சிகரெட்டு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, நிகோட்டின் சின்ன ரத்தக்குழாய சுருக்கிடும், புண்ணும் ஆறாது எலும்பும் கூடாது, ஆபரேஷனுக்கு முன்னாடி மட்டும் விட்டா பத்தாது. காலுக்கு ரத்த ஓட்டம் கம்மி, உடம்பு பருமன், குடி, ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை, எலும்பு வெளிய தெரியற முறிவு, இதெல்லாமும் ரிஸ்க்தான். மறைக்காம சொல்லிடுங்க.

வீட்டுக்கு போனப்புறம் கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ அது ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சதா இருக்கலாம், உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க. கால் மரத்தவங்க வலி வரட்டும்னு உக்காந்திருக்க கூடாது, வராது. வீட்ல யாரையாவது தினமும் ரெண்டு பாதத்தையும் பாக்க சொல்லுங்க, ஆபரேஷன் பண்ண கால் மட்டும் சூடா, செவப்பா இருந்தா அன்னைக்கே கிளம்பி வாங்க.