நுவரெலியாவில் ஒரு பீப்பாய்க்கு எத்தனை வயது?

கினிகத்தேனைப் பக்கத்தில் கித்துள் பனை சீவுகிறவர்கள், பாளையில் கட்டும் முட்டிக்குள் சில வேளை ஒரு துண்டு ஹல் மரப்பட்டையைப் போடுவார்கள். பாணி காய்ச்சவோ கருப்பட்டி பிடிக்கவோ இறக்குவதென்றால் பட்டை உண்டு. கள்ளுக்கென்றால் கிடையாது. பட்டையிலிருந்து கசியும் தனின் என்ற துவர்ப்புப் பொருளும் அதன் கூட்டாளிகளும், நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களான மதுவங்களின் கையைக் கட்டிப் போடுகின்றன; இனிப்பு இனிப்பாகவே தங்குகிறது. பட்டை இல்லாத முட்டியில் காலையில் தித்தித்த நீர் பின்னேரத்துக்குள் புளித்து நுரைத்துவிடும்.

மரம் பானத்தோடு பேசும் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை. நாம் மரத்துண்டைப் பானத்துக்குள் போட்டோம். மற்ற ஊர்க்காரர் பானத்தை மரத்துக்குள் போட்டார்கள். விஸ்கி, ரம், பிரண்டி, நம் தென்னஞ்சாராயம் எல்லாம் பீப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் கிடப்பது பழைய வழக்கம். பியரை, அதுவும் விஸ்கி கிடந்த பழைய பீப்பாயில் ஊற வைப்பதுதான் கடந்த முப்பது ஆண்டுகளின் மோகம். அதற்கு விதை போட்டது ஒரு சட்டம். அமெரிக்காவின் பேர்பன் விஸ்கியை உள்ளே கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும். ஒரு முறை பயன்பட்ட பீப்பாய் மீண்டும் பேர்பனுக்கு ஆகாது. 200 லீற்றர் கொள்ளும் அருமையான பீப்பாய்கள் இப்படி ஆண்டுதோறும் குவிய, ஸ்கொட்லாந்துக்காரரும் ரம் காய்ச்சுகிறவர்களும் வாங்கிப்போனார்கள். 1990களில் சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை அவற்றில் ஸ்டவுட் என்ற கடும் கறுப்புப் பியரை ஊற்றிப் பார்த்தது. பிறகு சிறு பியர் ஆலைகள் எல்லாம் அதே வழியில் போயின.

லயத்துக்குப் பக்கத்தில் தவறணை இருந்த தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சம்பள நாளின் மாலைகள் நினைவில் இருப்பதால், மதுவைப் பற்றி எழுதும்போது நாக்கில் கசப்புத் தட்டாமல் இருப்பதில்லை. ஆனாலும் பீப்பாயின் இரசாயனம் அழகானது. அதைக் குடிக்காமலும் ரசிக்கலாம்.

ஓக் பலகையில் செலுலோசு, அரைச்செலுலோசு, இலிக்னின் என்று மூன்று பெரும் பொருட்கள். பீப்பாய் செய்கிறவர் பலகைகளை வளைத்த பின் உள்பக்கத்தைத் தீயில் வாட்டுவார், அல்லது கரியாகும்வரை எரிப்பார். வெப்பத்தில் அரைச்செலுலோசு உடைந்து சர்க்கரைகளாகி, அவை கருகிக் கரமல் மணம் தருகின்றன. இலிக்னின் உடைந்தால் வனிலின் வரும். ஐஸ்கிறீமில் நாம் முகரும் அதே மூலக்கூறு. இன்னும் சூடேறினால் குவாயகோல் என்ற புகை மணம். ஓக்கில் இயல்பாகவே இருக்கும் இயூஜினோல் கராம்பு வாசனையைத் தரும்; நம் கராம்பிலும் அதுவேதான் இருக்கிறது. ஓக் இலக்டோன் என்ற இன்னொன்றுக்குத் தேங்காய் மணம். தேங்காயே காணாத அமெரிக்கக் கெண்டக்கியில் காய்ச்சிய விஸ்கியில் தேங்காய் மணப்பது இதனால்தான். மேலே படிந்த கரியோ வேறு வேலை செய்கிறது. தண்ணீர் வடிகட்டியில் உள்ள கரியைப் போல, புதுச் சாராயத்தின் கந்தக நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

இத்தனையும் வெளியே வருவது தேயிலைத் தூளிலிருந்து சாயம் இறங்குவது போலத்தான். தோட்டத்து வீடுகளில் மாதக் கடைசியில் ஒரே தூளில் இரண்டாம் சாயம் இறக்குவதுண்டு. நிறம் வரும், முதல் சாயத்தின் பிடிப்பு வராது. பீப்பாயும் அப்படித்தான். பேர்பன் முதல் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு போன பிறகு, ஸ்டவுட்டுக்குக் கிடைப்பது இரண்டாம் சாயம். கூடவே பலகைக்குள் ஊறிக் கிடக்கும் சில லீற்றர் விஸ்கியும். மென்மையான பியருக்கு அதுவே போதும். முதல் சாயம் அதன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும்.

களுத்துறைக் கரையோரத் தென்னஞ்சாராயத்தின் வழி வேறு. அது கிடப்பது ஓக்கில் மட்டுமல்ல, ஹல்மில்லை மரத்துத் தொட்டிகளிலும். தமிழில் சாவண்டலை, ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்தார்கள். பெரிய தொட்டிக்குள் மரத்தைத் தொடும் சாராயம் குறைவு. 10,000 லீற்றர்த் தொட்டி, அதே வடிவிலான 200 லீற்றர்ப் பீப்பாயைவிட 50 மடங்கு கொள்ளும். ஆனால் லீற்றர் ஒன்றுக்குக் கிடைக்கும் மரப்பரப்போ நாலில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பழைய தொட்டியென்றால் அந்த மரத்திலும் சாயம் முன்பே இறங்கியிருக்கும்.

மரம் கொடுப்பதோடு நிற்பதில்லை, மூச்சும் விடுகிறது. பலகை ஊடாக ஒட்சிசன் மெல்ல உள்ளே நுழைந்து எதனோல் என்ற மதுசாரத்தை அசற்றல்டிகைட்டாகவும், பிறகு அசற்றிக் அமிலமாகவும் மாற்றும். அமிலமும் மதுசாரமும் சேர்ந்து பழ வாசனை எசுத்தர்கள் பிறக்கும். அதே பலகை வழியாக மதுசாரமும் நீரும் ஆவியாகி வெளியேறும். ஸ்கொட்லாந்துக்காரர் இந்த நட்டத்தைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 வீதம். பெங்களூரில் அது 10 வீதத்தைத் தாண்டும் என்று அங்கே விஸ்கி செய்கிறவர்கள் சொல்கிறார்கள். அந்த ஊர்த் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்.

இப்போது ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொழும்பில், மற்றது கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவில். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டும்; நுவரெலியாவில் 16. அந்த இடைவெளியில் எதனோலின் ஆவியழுத்தம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. 10 பாகை ஏறினால் பல இரசாயனத் தாக்கங்களின் வேகமும் இரட்டிக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த தோராயக் கணக்கு. ஆகவே கொழும்புப் பீப்பாய்க்கு ஐந்து வயதாகும்போது, நுவரெலியாப் பீப்பாய் இரண்டரை வயதுக் குழந்தை. போத்தலில் அச்சடிக்கும் எண்ணோ இரண்டுக்கும் ஐந்துதான். அந்த எண்ணை நம்பிக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நுவரெலியாவைச் சின்ன இங்கிலாந்து என்று அழைத்துப் பழகிவிட்டோம். பீப்பாய் அதை ஒப்புக்கொள்ளாது. குளிர்நாட்டில் கோடையில் சாராயம் விரிந்து பலகைக்குள் நுழையும்; மாரியில் சுருங்கி, மரத்தின் சாரத்தோடு வெளியே வரும். வெப்பநிலை 10 பாகை மாறினால் 200 லீற்றர்ப் பீப்பாய்க்குள் ஏறக்குறைய 2 லீற்றர் ஏறியிறங்கும். கெண்டக்கியின் தகரக் கூரைக் கிடங்குகளில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மூர்க்கமானது. நுவரெலியாவில் மாதச் சராசரிகள் தமக்குள் இரண்டு மூன்று பாகைதான் விலகும். ஸ்கொட்லாந்தின் யூலை மாதம் ஆண்டு முழுவதும் நீடித்தது போல. சனவரி விடியலில் புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும், மதியம் வெயில் சுடும், உண்மைதான். ஆனால் 200 லீற்றர் திரவம் அவ்வளவு அவசரப்படாது. இரவுக் குளிர் அதன் நடுவுக்குப் போய்ச் சேருமுன் பொழுது விடிந்துவிடும். ஈரக்காற்று வேறு. வறண்ட ஊரில் நீர் முந்திக்கொண்டு வெளியேறும், சாராயத்தின் கடுமை கூடும். மூடுபனி சூழ்ந்த ஊரில் மதுசாரம் முந்தும், கடுமை குறையும்.

சாராயத்துக்கு மந்தமான இந்தக் குளிர், பியருக்கு வரம். 28 பாகையில் நொதிக்கவிட்டால் ஏல் வகைப் பியரின் மதுவம் தறிகெட்டு ஓடி, தலைவலிக்குப் பேர்போன உயர் மதுசாரங்களைக் கக்கும். 16இல் நிதானமாக வேலை செய்யும். குளிரூட்டி எட்டாத காலத்தில் நுவரெலியா போன்ற இடம் கிடைத்தது பெரிய காரியம். 1848இல் குடியேற்றம் அமைக்க வந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் காலத்தோடு அங்கே பியர் காய்ச்சும் கதை தொடங்குகிறது. 1881ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் ஆலைதான் பிறகு லயன் பியர் ஆலை ஆனது. இரும்புத் தாங்கியும் குளிரூட்டியும் வந்த பிறகு குளிருக்காக மலையேற வேண்டியிருக்கவில்லை; 1990களில் ஆலை கொழும்புக்குப் பக்கத்துப் பியகமைக்கு இறங்கிப் போனது.

அந்தக் காலத்து மரப்பீப்பாய்ப் பியரில் இன்னொரு குடியிருப்பாளரும் உண்டு. 1904இல் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுகூடத்தில் கிளௌசன், நீண்ட நாள் வைத்த ஆங்கிலேயப் பியர்களின் தனி மணத்துக்குக் காரணமான மதுவம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். பிரித்தானியப் பூஞ்சை என்று பொருள். மற்ற மதுவங்கள் மிச்சம் விட்ட சர்க்கரையையும், வாட்டிய மரத்தின் செலோபயோசு என்ற சர்க்கரையையும் இது தின்னும். பலகையின் இடுக்கில் பதுங்கிவிட்டால் கொதிநீர் ஊற்றினாலும் முழுதாய்ப் போகாது. பெல்ஜியத்தின் லாம்பிக் பியர் செய்கிறவர்கள் இதை விரட்டுவதில்லை. புளிப்புப் பற்றீரியாக்களோடு சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் பீப்பாய்க்குள் குடும்பம் நடத்த விடுகிறார்கள்.

கித்துள் முட்டியிலும் இதே ஏற்பாடுதான். கள்ளுக்கென்றால் நேற்றைய மண்டியில் கொஞ்சம் அடியில் தங்கும். இன்றைய நொதித்தலுக்கு அதுவே உறை. பாணிக்கென்றால் முட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஹல் பட்டை ஒன்றைப் போட்டு மரமேறுவார்கள்.