தலைவர் மேல் முறைப்பாடு வந்தால்?

சிறுவர்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு தொண்டர் அமைப்பு தொடங்குகிறவர்கள் சட்டத்தரணியான என்னிடம் வருவது பெரும்பாலும் யாப்புக்காக, அதாவது அமைப்பின் விதிகளை எழுதிக்கொள்வதற்காகத்தான். கொட்டாஞ்சேனை இளைஞர்கள், மட்டக்குளி அறநெறிப் பாடசாலை ஆசிரியர்கள், வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் என்று பலதரப்பட்டவர்களும் வருகிறார்கள். வேறொரு சங்கத்தின் யாப்பில் பெயரை மட்டும் மாற்றிக் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு போஷகர்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம், கோரம் (கூட்டம் நடத்தக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பது) எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை என்ற பேச்சு மட்டும் நோக்கம் பற்றிய பந்தியோடு முடிந்துவிடும்.

விளையாட்டுக் கழகம் என்றால் சரி, அது போதும். பிள்ளைகளோடு தனியே இருந்து பேச ஆட்களை அனுப்பும் அமைப்புக்குப் போதாது.

நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தலைவர் மேலேயே ஒரு முறைப்பாடு வந்தால் அது யார் கைக்குப் போகும்? அநேகமாகச் சிரிப்புத்தான் பதில். “அவர் அப்படிப்பட்டவர் இல்லை, சேர்.” இருக்கலாம். ஆனால் நம்முடைய சிறு அமைப்புகளில் தலைவர்தான் தொடங்கியவர், பணம் போட்டவரும் அவரே, அலுவலக முகவரியும் அவர் வீடுதான். மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர். அவரைக் கேள்வி கேட்க அங்கே யாருக்கு வாய் வரும்? அதனால் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாக இருக்கவேண்டும், முறைப்பாட்டை வாங்குகிறவர் நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஒருவராக இருக்கவேண்டும் என்று நான் அடம்பிடிப்பதுண்டு. அந்த நபரின் தொலைபேசி இலக்கம் பெற்றோர் கையிலும் பிள்ளைகள் கையிலும் இருக்கவேண்டும்.

இன்னொன்று, ஒரு பிள்ளைக்குத் துஷ்பிரயோகம் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் அமைப்பு தனக்குள்ளே விசாரணை வைக்கக்கூடாது. “முதலில் நாங்கள் பேசிப் பார்ப்போம், குடும்ப மானம் இருக்கிறதே” என்றுதான் எல்லாம் தொடங்கும். அந்தப் பேச்சு முடிவதற்குள் பிள்ளை தான் சொன்னதை மாற்றிச் சொல்ல வைக்கப்பட்டிருக்கும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. அன்றைக்கே அறிவிக்கவேண்டும் என்ற வரி யாப்பிலேயே இருக்கட்டும். அப்போது யாரும் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 1977இல் நீதிபதி டேவிட் சூகப் தொடங்கிய முறையைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே புறக்கணிப்புக்கோ துஷ்பிரயோகத்துக்கோ ஆளான பிள்ளைக்காகத் தொண்டரை நீதிமன்றமே நியமிக்கிறது. அவருக்கு 30 மணிநேர முன்பயிற்சி, பிறகு ஆண்டுதோறும் 12 மணிநேரம். ஒரு மேற்பார்வையாளரின் கீழ் 30 தொண்டர்களுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. இலங்கையில் பிள்ளையின் குடும்பநிலை பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். நம் தொண்டர் குடும்பத்துக்குத் துணை, அவ்வளவுதான். அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதிகாரிபோலப் பேசுகிறவரை முதல் நாளே நிறுத்தவேண்டும்.

ஆட்களைச் சேர்க்கும்போது கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை வாங்கி ஆவணக் கோவையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவர் முன்பு பிள்ளைகளோடு வேலை செய்த இரண்டு இடங்களுக்காவது தொலைபேசி எடுங்கள். அந்த ரியூஷன் வகுப்பை ஏன் விட்டார் என்று நேராகவே கேளுங்கள்.

கொழும்பில் தமிழ்த் தொண்டர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் பொலிஸ் நிலையம். தாயும் பிள்ளையும் தமிழ் மட்டுமே பேசுவார்கள், சிறுவர் மகளிர் பிரிவில் அன்றைக்கு இருப்பவருக்குச் சிங்களம்தான். கூடப் போன தொண்டர் இரண்டும் சரளமாகப் பேசுவார். “நீங்களே சொல்லுங்களேன்” என்பார்கள், அவரும் உதவிதானே என்று சொல்லிவிடுவார். அதோடு பிள்ளையின் வாக்குமூலம் அவர் வாய் வழியாகப் போனதாகிவிடும். பின்னால் வழக்கு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகும்போது, இது பிள்ளை சொன்னதா, இந்த அமைப்பு சொன்னதா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். கேட்கத்தான் செய்வார், அது அவர் தொழில். தமிழும் அரசகரும மொழி. தமிழில் பதியும்படியோ மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைக்கும்படியோ கேட்பது சலுகை கேட்பதாகாது. துணைக்குப் போனவர் மொழிபெயர்க்கக்கூடாது என்று விதி எழுதுங்கள். வேறு வழியே இல்லாத நாளில் இன்னொருவர் செய்யட்டும், அவர் பெயரும் செய்த விதமும் அமைப்பின் குறிப்பேட்டில் அன்றே பதியப்படட்டும்.

அப்புறம் வாட்ஸ்அப். பிள்ளையின் முகத்தை ஒரு பூப்படத்தால் மறைத்துவிட்டு நன்கொடையாளர் குழுவில் படம் போடுவார்கள். கழுத்தில் பாடசாலை டை தெளிவாகத் தெரியும், பின்னால் அவர்கள் குடியிருக்கும் தோட்டத்தின் சுவரும் அதிலுள்ள இலக்கமும் தெரியும். அந்தப் பகுதியில் இருப்பவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். விவரங்களைத் தொலைபேசிகளில் வைக்காமல், பூட்டிய அலுமாரியில் ஒரே கோவையாக வைத்து, யார் எப்போது எடுத்தார் என்று எழுதிவைப்பதுதான் நான் சொல்லும் வழி. பழைய முறைதான், ஆனால் வேலை செய்யும்.

கணக்கு விஷயத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கையொப்பம், வெளியார் கணக்காய்வு.

யாருமே எழுதாத பிரிவு ஒன்று இருக்கிறது: அமைப்பு மூடப்பட்டால் என்ன செய்வது என்பது. தலைவர் வெளிநாடு போவார், நன்கொடை நின்றுபோகும், இரண்டு வருடத்தில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். தொண்டர் அமைப்புகளைப் பதிவதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்திருந்தாலும், வழக்கு நடந்துகொண்டிருக்கும் பிள்ளையோடு நாளைக்கு யார் போவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு எத்தனை நாள் முன்பு அறிவிப்பது, கோவைகளில் எதை யாரிடம் கையளிப்பது, எதை அழிப்பது, குடும்பத்துக்கு இதை யார் நேரில் போய்ச் சொல்வது என்பதெல்லாம் முதல் யாப்பிலேயே வரவேண்டும்.