சின்னப் பாம்புதானே என்று காத்திருக்காதீர்கள்

இந்தக் கோடையிலும் ஒருவர் வந்தார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாப் பக்கம் கூடாரமடித்துத் தங்கப் போனவர். விறகு பொறுக்கும்போது விரலில் கடி. முழங்கைக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சின்னப் பாம்புதானே" என்று நான்கு மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறார். அவசரப் பிரிவில் செவிலியராக நான் இதே கதையை எத்தனை தடவை கேட்பது?

கடித்தது மாசசாகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு. ஒன்டாரியோவில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே நச்சுப்பாம்பு. மிசிசாகா நகரத்தின் பெயரும் இதன் பெயரும் ஒரே ஒஜிப்வே சொல்லிலிருந்து வந்தவை. பெரிய ஆற்றுமுகம் என்று பொருள். சதுப்பும் ஈரப் புல்வெளியும்தான் அதற்குப் பிடித்த இடம்.

வளர்ந்த பாம்பே பெரும்பாலும் 50 முதல் 70 சென்டிமீட்டர்தான். சரி, ஊரில் சுருட்டை விரியன் எவ்வளவு நீளம்? அதற்குப் பயந்து வளர்ந்த நாமே இங்கே வந்து நீளத்தை வைத்து நஞ்சை அளக்கிறோம். மாசசாகா சுருட்டை அளவுக்கு உயிர் குடிப்பதில்லை, உண்மை. ஒன்டாரியோவில் பதிவான மரணங்கள் இரண்டுதான். அந்த இருவருக்கும் உரிய சிகிச்சை கிடைக்கவில்லை.

அப்புறம் அந்தக் கயிறு. நஞ்சு தலைக்கு ஏறாது என்று நினைத்துத்தான் கட்டுகிறீர்கள். இந்த நஞ்சு கடித்த இடத்துச் சதையை அரிக்கும், இரத்தம் உறைவதைக் குலைக்கும். கட்டினால் அது ஒரே இடத்தில் தேங்கும். இரத்த ஓட்டமும் நின்றுவிடும். பாம்பு செய்ததைவிடக் கயிறு அதிகமாகச் செய்துவிடும். கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், ஐஸும் வைக்க வேண்டாம். தயவுசெய்து!

வலி குறைவாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். வீக்கம் மணிக்கணக்கில் ஏறும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். எங்களுக்குப் பெரிய உதவி அது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு 911 அழையுங்கள். டொராண்டோவுக்கே காரை ஓட்டி வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

வால் கிலுகிலுக்கும் என்று நம்பியும் நடக்காதீர்கள். பல சமயம் அது சத்தமே போடாது. போட்டாலும் பூச்சி ரீங்காரம் போலத்தான் கேட்கும். மூடிய காலணி போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை விடாதீர்கள்.

பாம்பை அடித்துப் பையில் கொண்டுவரவும் வேண்டாம். அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிரினம். இங்கே காட்டில் இருப்பது ஒரே நச்சுப்பாம்பு என்பதால், எது கடித்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அதன் உடல் தேவையில்லை.